ஆடு தின்ற முன்னுரிமை

என் வாழ்க்கையின் மிகப் பெரிய முட்டாள்தனத்தை நான் அவசரத்தில் செய்யவில்லை. கையைக் கழுவி, துடைத்து, அளவுகோல் வைத்து, நிதானமாகச் செய்தேன். அதனால்தான் அது அவ்வளவு முழுமையாக அமைந்தது.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். பதினாறு வயதில் ஆரம்பித்தது, இன்றுவரை ஒரு நாள் விட்டதில்லை. பெரம்பலூரில் எங்கள் வீட்டு அலமாரியில் எல்லா நோட்டுகளும் வருஷ வரிசையில் நிற்கின்றன. எந்த மாதம் எனக்குப் பல்வலி வந்தது, எந்தக் கிழமை மழையில் குடை திரும்பிக்கொண்டது என்று கேட்டால் இரண்டு நிமிஷத்தில் எடுத்துச் சொல்வேன். (யாரும் கேட்பதில்லை.) ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என் மனைவி எடுத்துக் காட்டுவது ஒரே ஒரு நோட்டைத்தான். அதில் ஒரு பக்கத்தில், காலை 6.55 என்ற நேரத்துக்கு எதிரே இரண்டே சொற்கள் இருக்கின்றன: ‘சான்றிதழ். ஆடு.’

எண்பதுகளின் தொடக்கம் அது. கீழப்பழுவூரிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, இரண்டு வருஷம் ஏழு மாதமாகத் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அது எங்கள் வீட்டு முன்னால் நின்றது. அரியலூரில் ஒரு அரசுப் பணிமனையில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள், நேர்முகத்துக்கு வரவும்.

மொத்தம் பத்து இடம். அதில் இரண்டு எங்களைப் போன்ற ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. அந்த இரண்டிலும், நிலம் இல்லாத, வீட்டில் ஒருவர்கூட அரசு வேலையில் இல்லாத பிள்ளைக்கு முன்னுரிமை. ஒரு வருஷம் பயிற்சி. முடித்தவர்களை ஆள் எடுக்கும்போது முதலில் கூப்பிடுவார்கள். வயது வரம்பு அடுத்த மாதத்தோடு எனக்குத் தாண்டிவிடும். இது போனால் இன்னொன்று கிடையாது. அப்பாவோடு கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான்.

முன்னுரிமைக்குத் தேவை சாதிச் சான்றிதழ். முன்கூட்டியே மனுப் போட்டும் அது கைக்கு வர எனக்கு நாலு மாதம் ஆனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் என்ன சாதி என்று எங்கள் வட்டாரத்தில் தெரியாதவர் யாரும் கிடையாது. டீக்கடைக்காரர் என்னிடம் ஒரு நாளும் தாள் கேட்டதில்லை. தூரத்தில் என்னைப் பார்த்ததுமே தனியாக வைத்திருக்கும் கிளாஸை எடுத்துவிடுவார். கோயில் வாசலிலும் யாரும் தாள் கேட்டதில்லை. எனக்கு ஒரு நல்லது நடக்கப் போகிறது என்றபோதுதான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

நாலு மாதத்துக்குப் பிறகு கைக்கு வந்த அந்தச் சான்றிதழ், வெங்காயத் தோல் மாதிரி ஒரு பழுப்புத் தாள். எழுத்தர் அதை நாலாக மடித்துக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் மடிப்பு விட்டுக்கொண்டது. நேர்முகக் கடிதத்தில் ‘அசல் சான்றிதழ்கள் நல்ல நிலையில்’ என்று இருந்தது. அந்த ‘நல்ல நிலையில்’ என்ற இரண்டு சொற்கள் என்னைத் தூங்கவிடவில்லை. அதை ஒரு அட்டையில் ஒட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஒட்டுவதில் நான் கைதேர்ந்தவன். வேலைக்குக் காத்திருந்த காலத்தில் எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்குச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிண்டி, இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். துத்தம் விஷம். அது இருந்தால் பூச்சி அரிக்காது. ஆடு மாடு வாய் வைக்காது. போடாமல் ஒட்டினால் விடிவதற்குள் கதாநாயகனை இடுப்புவரை தின்றிருக்கும். இந்த உண்மையைக் கீழப்பழுவூர்ச் சுற்றுவட்டாரத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. பசை வாளியில் துத்தம் போட மறந்த புதுப் பையன்களை நான் திட்டியிருக்கிறேன்.

சான்றிதழுக்கான பசையில் நான் துத்தம் போடவில்லை.

மறக்கவில்லை. யோசித்துத்தான் போடவில்லை. துத்தம் போட்டால் தாளில் நீலம் ஏறும். தாசில்தார் கையெழுத்துப் போட்ட தாள் நீலமாக இருந்தால் நல்ல நிலையா? ஆகவே சுத்தமான வெள்ளை மைதா, வடிகட்டிய தண்ணீர். புடவைப் பெட்டியின் அட்டையை அளந்து வெட்டி, சான்றிதழை ஒட்டி, சுருக்கம் இல்லாமல் ஈரத் துணியால் நீவிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். படிக்கத் தெரியாத அம்மா, “கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குடா முத்து” என்றார். அன்று நாட்குறிப்பில் ‘பணி திருப்தி’ என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

நேர்முக நாள் காலை. அட்டை இன்னும் லேசாக ஈரமாக இருந்தது. 6.40க்கு அதை வாசலில் கயிற்றுக் கட்டிலின் மேல் வெயில் படும்படி வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு மூலையில் கல்லை வைத்து, குளிக்கப் போனேன். குளித்துவிட்டு 6.55க்கு வந்தேன்.

கட்டில் மேல் இரண்டு முன்னங்கால்களை வைத்து நின்றுகொண்டிருந்தது செவலை. அது என் அத்தையின் ஆடு. அட்டை மட்டும் இருந்தது, கழுவித் துடைத்த தட்டு மாதிரி. கல் இருந்த மூலையில் மூன்று விரல் அகலத்துக்குத் தாளும், அதில் பாதி முத்திரையும் மிஞ்சியிருந்தன. செவலை என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது. நான் தலை துவட்டின துண்டோடு நின்றேன். கத்தத் தோன்றவில்லை. உள்ளே போய் நாட்குறிப்பில் நேரத்தைப் போட்டு அந்த இரண்டு சொற்களை எழுதினேன். (ஏன் எழுதினாய் என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.)

அத்தை செல்லம்மா, அப்பாவின் தங்கை. புருஷன் இல்லை, பக்கத்து வீட்டிலேயே தனியாக இருந்தார். நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் ஆடு கொடுத்த திட்டத்தில் அவருக்குக் கிடைத்ததுதான் செவலை. அதன் காதில் எண் போட்ட வில்லை ஒன்று தொங்கும். ஆட்டுக்கு ஏதாவது ஆனால் அந்த எண்ணைக் காட்ட வேண்டும். அத்தை அதைச் சர்க்கார் தோடு என்பார். தன் காதில் தோடு இல்லாத அத்தை, ஆட்டின் தோட்டைத் தினமும் துடைத்து வைப்பார்.

விஷயம் கேட்டு ஓடிவந்த அத்தை என்னைப் பார்க்கவில்லை. ஆட்டின் வாயைப் பிளந்து பார்த்தார்.

“மாவைத் தடவி வெயில்ல காயப் போட்டா அதுக்குப் பேரு அப்பளம்டா. ஆடு திங்காம கும்புட்டுக்கிட்டு நிக்குமா?”

“அத்தை, அது என் சாதிச் சான்றிதழ்.”

“அதுக்கென்ன தெரியும், நீ என்ன சாதின்னு? அந்த முத்திரையில இருக்கிற ஊதா மை விஷமாச்சேடா. சினையா வேற இருக்கு. துத்தம் கித்தம் போட்டியா?”

போடவில்லை என்றேன். “அந்த ஒரு புத்தியாவது இருந்துச்சே” என்றார். எது புத்தி, எது புத்தியில்லாதது என்று எனக்கே குழம்பிவிட்டது.

அம்மா அழ ஆரம்பித்தார். அப்பா மிஞ்சிய மூலையை எடுத்து என் கையில் கொடுத்து, “இதையாவது கொண்டுட்டுப் போ” என்றார். நான் அதை ஒரு உறையில் போட்டு, உறையின் மேல் ‘சாதிச் சான்றிதழ் (பகுதி)’ என்று எழுதினேன்.

8.10 பஸ்ஸில் நான் ஏறினேன். பின்னாலேயே செவலையைத் தூக்கிக்கொண்டு அத்தையும் ஏறினார். அரியலூர் மாட்டாஸ்பத்திரியில் காட்டியே தீர வேண்டுமாம். எனக்கும் ஆட்டுக்கும் ஒரே ஊரில், ஒரே காலையில், ஒரே தாளால் வேலை. கண்டக்டர் ஆட்டுக்கு என்ன நோய் என்று கேட்டார். அத்தை பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். அரியலூர் வரை எல்லாரும் முதலில் ஆட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஆட்டைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பணிமனையில் இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். என் முறை 11.20க்கு வந்தது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் பணிமனை மேலாளர். மற்றவர், முன்னுரிமைக்காரர்களைச் சரிபார்க்க நலத்துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மா. மேலாளர் ஃபிட்டர் வேலையில் ஆறு கேள்வி கேட்டார். ஆறுக்கும் சரியாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு சான்றிதழ்களை வரிசையாகக் கேட்டார். கடைசியில் உறையை நீட்டினேன். அவர் அதைக் கவிழ்த்ததும் மேசையில் அந்தத் துண்டு விழுந்தது.

“என்ன இது?”

“சான்றிதழோட தென்மேற்கு மூலைங்க சார்.”

“மீதி?”

“ஆடு தின்னுடுச்சுங்க சார். காலையில ஆறு நாற்பதுலேர்ந்து ஆறு ஐம்பத்தஞ்சுக்குள்ள.”

நேரத்தைச் சொன்னால் நம்பிக்கை வரும் என்று நினைத்தேன். மேலாளர் பேனாவை மூடினார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் சொல்கிற காரணத்தை ஃபிட்டர் படித்தவன் சொல்லலாமா என்று கேட்டார். நான் மைதா, துத்தம், தாள் நீலமாவது எல்லாவற்றையும் முறையாக விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. தாளில்லாமல் முன்னுரிமை கிடையாது, விதி அப்படி, என்றார். “அடுத்த ஆளை வரச் சொல்லுங்க.”

நான் எழுந்துவிட்டேன். கரும்புச் சோகை கையைக் கிழிக்கும் எரிச்சல் அப்போதே உள்ளங்கையில் தெரிந்தது.

அந்த நேரத்தில் வெளியே ஒரு ஆடு கத்தியது. காத்திருந்த மற்றவர்கள் சிரிக்கும் சத்தம். அதற்கு மேலே வாசல்காரரோடு சண்டை போடும் அத்தையின் குரல். “எங்க பையன் உள்ளாற இருக்கான்ங்க. ஆட்டுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாரு, அதைச் சொல்லிட்டுப் போயிடுறேன். பாவம், ஆட்டை நெனச்சு பதறிக்கிட்டு இருப்பான்.”

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. அதிகாரி அம்மா எழுந்து சன்னலோரம் போனார். யார் என்று கேட்டார். உள்ளே இருப்பது தன் அண்ணன் மகன் என்று சொல்லி, அத்தை சன்னல் கம்பிக்குள் ஒரு சீட்டை நீட்டினார். அதிகாரி அம்மா அதை ஒரு முறை தனக்குள் படித்தார். பிறகு மேலாளருக்காக வாய்விட்டுப் படித்தார். அரசு கால்நடை மருத்துவமனை. பெண் வெள்ளாடு, சினை. காது எண் இன்னது. முத்திரை மையுள்ள காகிதம் உட்கொண்டதாகக் கொண்டுவரப்பட்டது. நலமாக உள்ளது. கையெழுத்து, முத்திரை.

அவர் சீட்டில் காது எண் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இந்த நம்பர் எங்க லிஸ்ட்டுல இருக்கும் சார்” என்றார் அதிகாரி அம்மா. “நிலமில்லாத ஆதிதிராவிடர் குடும்பத்துக்கு நாங்க கொடுத்த ஆடு.”

“ஆட்டுக்கு முன்னுரிமை இருக்குங்கிறீங்க. பையனுக்கு?”

“ஆட்டுக்காரம்மாவோட அண்ணன் மகன்.”

மேலாளர் என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார். ஆட்டின் காதை வைத்து ஆள் எடுக்க முடியாது என்றும், நாலு மணிக்குப் பட்டியலை மூடுவேன் என்றும், அதற்குள் நகல் சான்றிதழ் வந்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதிகாரி அம்மா தாலுகா ஆபீஸுக்கு ஒரு சிறு கடிதம் எழுதி, அந்தத் துண்டோடும் சீட்டோடும் சேர்த்துத் தந்தார். “ஓடுப்பா” என்றார்.

ஓடினேன். நாலு மாதத்தில் கிடைத்த தாளை நாலு மணி நேரத்தில் வாங்க வேண்டும். பின்னாலேயே அத்தை, கையில் கயிறு, கயிற்றின் முனையில் செவலை.

தாலுகா ஆபீஸில் அந்தப் பிரிவின் எழுத்தர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்தார். ‘தொலைந்துவிட்டது’ என்று மனு எழுதிக் கொடு, அதுதான் வழக்கம், போலீஸ் சீட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வா, என்றார். இன்னொருவனாக இருந்தால் அழுதிருப்பான். நான் அவரைத் திருத்தினேன்.

“தொலையலைங்க சார். இருக்கிற இடம் தெரியும். ஆட்டு வயித்துல இருக்கு.”

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். நான் மிஞ்சிய மூலையையும் மருத்துவமனைச் சீட்டையும் மேசையில் நேராக அடுக்கினேன். அவர் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டினார். சிதைந்துபோனால், மிஞ்சிய பகுதியை ஒப்படைத்துவிட்டு நகல் பெறலாம். போலீஸ் சீட்டு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன் என்றார். எங்களூரில் அந்தச் சொற்களுக்கு நாளை என்று அர்த்தம்.

அப்போதுதான் செவலை உள்ளே வந்தது. அத்தை வராந்தாத் தூணில் கட்டாமல் கயிற்றைக் கையிலேயே வைத்திருந்தார். எழுத்தரின் பின்னால் சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை கோப்புக் கட்டுகள். அத்தனையும் தாள். அத்தனைக்கும் ஓரத்தில் பசை போட்டு ஒட்டிய சீட்டு. செவலை மூக்கை உயர்த்தியது. கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் பந்தியைப் பார்ப்பதுபோல அந்தச் சுவரைப் பார்த்தது.

“அம்மா, ஆட்டை வெளிய கொண்டு போங்க. பட்டா ஃபைல் அது.”

“போயிடுறோம்ங்க. பையன் வேலை முடிஞ்சா உடனே போயிடுறோம்” என்று சொல்லி அத்தை தரையில் உட்கார்ந்துகொண்டார். கயிறு அரை முழம் தளர்ந்தது. (தற்செயலாகத்தான் தளர்ந்தது என்று அத்தை கடைசிவரை சாதித்தார்.) செவலை கீழ்க்கட்டிலிருந்து ஒரு சீட்டின் நுனியை மட்டும் ருசி பார்த்தது.

எழுத்தர் சாப்பிடப் போகவில்லை. பதிவேட்டை அவரே எடுத்தார். என் பெயரை அவரே கண்டுபிடித்தார். ஒரு கண் ஆட்டின் மேலும் ஒரு கண் தாளின் மேலும் வைத்து எழுதினார். தாசில்தார் அறைக்கு அவரே எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கிவந்தார். மொத்தம் ஒரு மணி பத்து நிமிஷம். தாளை என்னிடம் நீட்டியபோது, “தம்பி, தயவுசெஞ்சு இதை எதுலயும் ஒட்டாத” என்றார்.

3.35க்குப் பணிமனையில் இருந்தேன். மேலாளர் நகலை வாங்கிப் படித்தார். கடைசி வரியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அதை அதிகாரி அம்மாவிடம் தள்ளினார். அவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பட்டியலில் என் பெயரை எழுதினார். அப்போதுதான் நானும் தாளை முழுதாகப் படித்தேன். அடியில், முத்திரைக்கு மேலே, எழுத்தரின் அழகான கையெழுத்தில் இருந்தது:

‘அசல் சான்றிதழ் ஆட்டினால் உண்ணப்பட்டு, எஞ்சிய பகுதி ஒப்படைக்கப்பட்டபடியால் இந்நகல் வழங்கப்படுகிறது.’

அந்த வரியோடுதான் நான் முப்பத்து நாலு வருஷம் அரசு வேலை பார்த்தேன். ஒவ்வொரு பதவி உயர்விலும், ஒவ்வொரு இடமாற்றத்திலும் யாராவது ஒரு அதிகாரி கோப்பைப் பிரித்து, அந்த இடத்தில் நின்று, என்னை நிமிர்ந்து பார்ப்பார். நான் நேரத்தைச் சொல்லத் தொடங்குவேன். ஓய்வுபெற்ற அன்று பாராட்டுரையில்கூட என் நேர்மை, ஒழுங்கு இரண்டுக்கும் அப்புறம் மூன்றாவதாக ஆடுதான் வந்தது.

செவலை அடுத்த மாதம் குட்டி போட்டது. ஒரு கிடாய். அத்தை அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தார். யார் கிண்டல் செய்தாலும், “வயித்துல இருக்கையிலேயே கையெழுத்தைத் தின்ன பய” என்பார். என் முதல் மாத உதவித்தொகை வந்ததும் அத்தைக்கு ஒரு ஜோடிக் கவரிங் தோடு வாங்கிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, “இதுல நம்பர் இல்லையேடா” என்றார்.

எங்கள் வீட்டில் இன்றும் ஏதாவது காணவில்லை என்றால், மின்கட்டண அட்டையானாலும் சரி, மூக்குக் கண்ணாடியானாலும் சரி, முதல் கேள்வி “ஆட்டைக் கேட்டியா?” என்பதுதான். என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க, ஆதாரமாக என்னுடையதைக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரம்பலூர் அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் இருவரும் நின்றோம். அந்த இளம் அதிகாரி தாளைப் படித்தார், கடைசி வரியில் நின்றார், நிமிர்ந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலை ஆறு நாற்பதுக்கு என்று தொடங்கினேன்.

மகள் என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

“எங்க குடும்பத்து ஆடுதான் சார்” என்றாள். “அப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அதுதான்.”